எழுபத்திரண்டு பாட்டில்களுக்கு ஆயுத பூஜை

என் மகள் சேற்றை ஆராய்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் தள்ளிப்போட்டு, கடைசியில் நாலு பேர் நடுவில் சொல்லவேண்டி வந்த அனுபவம் எனக்கு உண்டு.

மாங்காட்டில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் சித்தப்பா, "பாப்பா என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"யுனிவர்சிட்டில பிஎச்.டி. பண்றா மாமா. கடலோர உயிரினங்களைப் பத்தி."

"மீனா? அப்போ வஞ்சிரம் ஏன் இந்த விலை விக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

"மீன் இல்ல மாமா. சேத்துல இருக்கற புழு."

அவர் இலையைப் பார்த்தார். அப்போதுதான் சேமியா பாயசம் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதைத் தொடாமல் இலையை மூடினார்.

அவளுடைய வேலை இதுதான். மாதம் ஒருமுறை பழவேற்காடு ஏரிக்குப் போவாள். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேற்றுத் திட்டில் இறங்குவாள். மொத்தம் ஆறு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிவிசி குழாயை ஒரு சாண் ஆழத்துக்கு அழுத்தி, அதில் வருகிற சேற்றை வாளியில் போட்டு, ஏரித் தண்ணீரிலேயே சல்லடையில் அலசுவாள். சல்லடையில் மிஞ்சுகிற புழு, பொடி நத்தை, சிப்பிக் குஞ்சு, மட்கிய இலை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றுவாள். கூடவே ஒரு சாயம். உயிரோடு இருந்ததெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். குப்பை குப்பையாகவே இருக்கும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எந்த மாதம், எந்த இடத்தில், எது எத்தனை. அதை வைத்து ஏரி நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாமாம். ரத்தப் பரிசோதனை மாதிரி என்று எனக்கு விளக்கினாள். எனக்குச் சர்க்கரை வந்த வருடம் அது. உடனே புரிந்தது.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். இருபத்தேழு வருடமாகிறது. குடியிருப்பது அண்ணனூரில், இரண்டாவது மாடி. பால்கனியில் நின்றால் ஷெட்டுக்குப் போகிற காலி மின்சார ரயில்கள் தெரியும். கவலைப்படுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை. மற்ற வேலைகளோடு சேர்த்தே செய்துவிடுவேன்.

போன வருடம் ஒருநாள் சாப்பிடும்போது, சேற்றில் தொடை வரை இறங்கிவிட்டதாகவும், படகுக்காரர் பலகையைப் போட்டு இழுத்ததாகவும், ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அம்மா, "எந்தச் செருப்பு, போன மாசம் வாங்கினதா?" என்றாள். நான் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து பழவேற்காட்டில் தண்ணீர் ஏறி இறங்கும் நேரங்கள் என் போனில் இருந்தன. அவள் அங்கே போகிற நாட்களில் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூன்று முறை கூப்பிடுவேன். சேற்றுக் கையோடு போனை எடுக்க முடியாது என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அது தெரிந்தும் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வங்கித் தேர்வு அறிவிப்பு வந்தால் கத்தரித்து அவள் பக்கத்தில் வைப்பேன். அவள் அதன்மேல் காபி டம்ளரை வைப்பாள்.

இந்தச் சேற்று வேலை ஏதாவது ஒரு காரணத்தால் நின்றுபோனால் நன்றாக இருக்கும் என்று நான் நினைக்காத வாரம் கிடையாது. என்ன காரணம் என்று மட்டும் யோசித்ததில்லை.

புரட்டாசி மாதத்தில் அவளுடைய ஆய்வுக்கூடத்தில் தரைக்கு டைல்ஸ் மாற்றினார்கள். அலமாரிகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்கு பிளாஸ்டிக் கிரேட்டுகளில் பாட்டில்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கின. எழுபத்திரண்டு. பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஆறு. ஒரு வருடச் சேறு. எண்ணும் வேலையை அவள் இன்னும் தொடங்கவில்லை. ஒரு பாட்டிலை எண்ண இரண்டு நாள் ஆகுமாம். எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு மொத்தமாக உட்காரலாம் என்று வைத்திருந்தாள்.

"இது ஹாலுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளில போயிடுவேன்" என்றாள் என் மனைவி. அதனால் பால்கனியில் வைத்தோம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தொழிற்சாலையில் பூஜை. எங்கள் டூல் ரூமைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த நாளில் துடைக்காத பொருள் அங்கே கிடையாது. லேத், டிரில்லிங் மெஷின், வெர்னியர், ஸ்பேனர், சுவிட்ச் போர்டு, மேஜை விசிறி, எல்லாம். பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ நனைத்துத் தேய்ப்போம். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்துப் பொரி வாங்கிக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு கருவியின் எண் அதில் குத்தப்பட்டிருக்கும். துடைத்தால் போகாது. துடைத்தால்தான் தெரியும். இருபத்தேழு வருடம் என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

மகள் ஏதோ கருவியில் வேலை என்று தோழியின் விடுதியில் தங்கியிருந்தாள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் வீட்டுக்கு வந்த சூட்டோடு பைக்கைத் துடைத்தேன். மனைவியின் தையல் மெஷின், மிக்ஸி, கிரைண்டர். அப்புறம் பால்கனிக்குப் போய் மகளின் சல்லடை, குழாய், கம்பூட்ஸ். அவளுடைய தொழிலுக்கும் கருவிகள் உண்டு என்பதை நான் மதிக்கிறேன் என்று காட்ட அது ஒரு சந்தர்ப்பமாகவும் தோன்றியது. பிறகு பாட்டில்கள்.

அவை பார்க்க நன்றாக இல்லை. காய்ந்த சேறு, உப்புக் கோடுகள். முன்பு சீனியர்கள் பயன்படுத்திய பழைய பாட்டில்கள் போலிருந்தது. மார்க்கர் பேனாவில் எழுதி, அடித்து, மேலே திரும்ப எழுதி, ஒவ்வொன்றும் தெருமுனைச் சுவர் மாதிரி இருந்தது. கிரில் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது மிச்சமான தின்னர் அரை பாட்டில் இருந்தது. கம்பிப் பக்கமாக உட்கார்ந்து இடதுபுறத்திலிருந்து ஆரம்பித்தேன். சேறு சுலபமாக வந்தது. எழுத்தும் சுலபமாக வந்தது.

பத்தாவது பாட்டிலில்தான் கவனித்தேன். என் மகளின் கையெழுத்தில் ஒரு எண்ணும் ஒரு மாதமும் என் கையிலிருந்த வேஸ்ட்டில் நீலமாக இறங்கின. கை நின்றது. நோட்டில் எழுதி வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் சட்டைப் பையில் இருந்தது. அவள் ஏரிக்குப் போகிற நாளில் மூன்று முறை கூப்பிடுகிற நான், அப்போது கூப்பிடவில்லை. மிச்சம் அறுபத்திரண்டையும் துடைத்தேன். மூடிகளில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரு மணி நேரம் பிடித்தது.

மனைவி வந்து பார்த்தாள். "புழு பாட்டிலுக்கு வந்த வாழ்வைப் பாருங்க. என் ஊறுகா ஜாடிய ஒருநாளாவது இப்படித் தொடச்சிருப்பீங்களா?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகள் வந்தாள். பையைச் சோபாவில் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஒரு பாட்டிலைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் இன்னொன்று.

"யார் தொடச்சது?"

"நான்தான். பூஜைக்கு."

"இதுல நம்பர் இருந்துச்சே அப்பா."

"நோட்டுல இருக்கும்ல?"

"நோட்டுல நம்பர் இருக்கு. எந்த பாட்டில் எந்த நம்பருங்கறது பாட்டில்லதான் இருக்கும்."

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பதிவேட்டில் ஆயிரம் கருவிகளின் எண் இருக்கலாம். கையிலிருக்கும் கருவியில் எண் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஏய், அப்பாவப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?" என்று பின்னாலிருந்து மனைவி வந்தாள்.

"அப்பாதானேம்மா தொடச்சாரு? வேற யாரைக் கேக்கறது?"

நான் "சேச்சே" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அது பதிலே இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. அவளும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். கவனிப்பதுதான் அவளுடைய படிப்பு.

பூஜை நடந்தது. சுண்டல், பொரி, வடை. மூன்று பேரும் வரிசையாக நின்றோம். நான் தீபாராதனைத் தட்டோடு பால்கனிப் பக்கம் திரும்பினேன். "கற்பூரத்தை அங்க கொண்டுபோகாதீங்க, ஃபார்மலின்" என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அன்று முழுவதும் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பூஜைக்குப் பிறகு அவள் கையுறையை எடுத்துக்கொண்டு பாட்டில்களைத் திறக்கப் போனாள். மனைவி குறுக்கே நின்றாள். "பூஜைல வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. விஜயதசமி அன்னிக்குத்தான் எடுக்கணும்."

"அம்மா, என் ஒரு வருஷத்துல எது மிச்சம்னு பாக்கணும்."

"போனது நாளைக்கும் போனதுதான். சரஸ்வதியையும் பகைச்சுக்காத."

ஆச்சரியமாக, அவள் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் வரை ஒரு ஸ்டூலைப் போட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்திரண்டு பொட்டுகளையும் பார்த்துக்கொண்டு. நான் உள்ளே டிவியில் சத்தத்தைக் குறைத்து ஒரு பட்டிமன்றம் பார்த்தேன். அதில் என்ன தலைப்பு என்று இப்போது கேட்டால் தெரியாது. எண்ணில்லாத பாட்டிலில் இருக்கும் புழு ஏரியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரு வருடத்தைத் திரும்ப எடுக்கவேண்டும், அல்லது விட்டுவிடவேண்டும். விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்த உடனே அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

விஜயதசமி காலையில் மனைவி ஒவ்வொரு கிரேட்டின்மேலும் ஒரு பூவைப் போட்டு, "இப்போ எடு" என்றாள். மகள் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு திறக்க ஆரம்பித்தாள். முதல் பாட்டிலுக்குள், எனக்கு அதுவரை தெரியாத ஒரு சீட்டு இருந்தது. டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எழுதியது. பென்சில் எழுத்தை ஃபார்மலின் ஒன்றும் செய்யாதாம். எல்லாப் பாட்டிலிலும் அப்படி ஒரு சீட்டைப் போடவேண்டும் என்பது அவளுடைய பேராசிரியையின் கண்டிப்பு. ஆனால் அந்தக் கண்டிப்பு ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதம் இவள் மேலே எழுதியதோடு சரி. மொத்தம் ஐம்பத்துநான்கு பாட்டிலில் சீட்டு இருந்தது. பதினெட்டில் இல்லை. மழைக்கால மூன்று மாதங்களும் அந்தப் பதினெட்டில் இருந்தன. எது எந்த மாதம், எது எந்த இடம் என்று தெரியாமல்.

பிறகு ஒரு டார்ச்சை எடுத்து ஒவ்வொரு பாட்டிலின் வெளிப்பக்கத்தையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து நோட்டில் எதையோ எழுதினாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எந்தப் பக்கத்துலருந்து தொடைக்க ஆரம்பிச்சீங்க?"

"கம்பி பக்கம். இடதுலருந்து."

அதையும் எழுதிக்கொண்டாள்.

பேராசிரியையிடம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். நான் கேட்க வேண்டும் என்பதற்காகவா என்று தெரியவில்லை. "என் தப்புதான் மேடம். வெளில எழுதினது அழிஞ்சுடுச்சு. முதல் மூணு மாசம் நான் சீட்டு போடல" என்றாள். அப்பா என்ற சொல் அதில் வரவில்லை. பேராசிரியை அந்தப் பதினெட்டையும் ஒதுக்கி வைக்கச் சொன்னார். இதுவாக இருக்கும் என்று யூகித்து லேபிள் ஒட்டினால் தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றும், இந்த மழைக்காலத்தில் அந்த மூன்று மாதத்தையும் திரும்ப எடுத்தால் ஆறு மாதத் தாமதத்தோடு ஆய்வு பிழைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

அதாவது, பன்னிரண்டு மாதத்தோடு முடிந்துபோயிருந்த சேற்று வேலையை நான் மூன்று மாதத்துக்கு நீட்டித்துக் கொடுத்திருந்தேன். அதுவும் மழையில்.

வழக்கமாகக் கூடப் போகிற ஜூனியர் பெண்ணுக்குப் பரீட்சை. "தனியா போகக்கூடாதுன்னு ரூல். ஒரு ஆள் வேணும்" என்று மகள் சமையலறையைப் பார்த்துச் சொன்னாள். நான் ஹாலில் இருந்தேன். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

செங்குன்றம், பொன்னேரி வழியாக இரண்டு பேரும் பைக்கில் போனோம். பின்னால் வாளி, சல்லடை, குழாய். அக்டோபரில் போனபோது தூறல்தான். நவம்பரில் ரெயின்கோட்டுக்குள்ளும் நனைந்தோம். படகுக்காரர் முதல் தடவை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், நீங்கதான் வாத்தியாரா?"

"இல்லீங்க. அப்பா."

"அப்பாவா! பொண்ணு படிப்புக்கு அப்பன் சேத்துல எறங்கறான்பா. எங்க நைனா என் கல்யாணத்துக்கே லேட்டா வந்தாரு" என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார். மகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேற்றில் நடப்பதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. குதிகாலை ஊன்றக்கூடாது. பயந்து காலை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் கீழே போகும். நான் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்தேன். முழங்கால் வரை போய் நின்றேன். அது அவள் சொன்ன கதையில் கேட்டதைவிடக் குறைந்த ஆழம்தான். ஆனால் கதையில் காலுக்கு அடியில் எதுவுமே இல்லாத அந்த உணர்வு வந்திருக்கவில்லை. அவள் என் முழங்காலுக்குப் பின்னால் கையை விட்டுச் சேற்றை விலக்கி ஒவ்வொரு காலாக எடுத்துவிட்டாள். அவளுக்கு அது வேலையில் ஒரு பகுதி.

எனக்குக் கொடுத்த வேலை, சீட்டு எழுதுவது. அவள் இடத்தையும் தேதியையும் சொல்வாள். நான் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள் போடுவேன். மேலே மார்க்கரிலும் எழுதுவேன். பிறகு அவளிடம் காட்டவேண்டும். அவள் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தாள்.

நவம்பரில், நாலாவது இடத்தில், அவள் சல்லடையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். முன்கூட்டியே திட்டமிடவில்லை. கையில் பாட்டில் இருந்தது.

"அன்னிக்கு பத்தாவது பாட்டில்லயே பாத்துட்டேன். எழுத்து போறது தெரிஞ்சுது. நிறுத்தல."

அவள் சல்லடையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"முதல் பத்துல எழுத்தோட தடம் இருந்துச்சு. டார்ச் அடிச்சா படிக்கலாம். பதினொண்ணுலருந்து ஒண்ணுமே இல்ல. அழுத்தித் தொடச்சிருந்தீங்க."

மழை அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அழுத்தித் துடைத்தது எனக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் நிரூபிக்க முடியாது. உண்மையிலேயே தெரியாது.

"அந்தப் பத்துலயும் உள்ள சீட்டு இருந்துச்சு" என்றாள். "பத்தோட நிறுத்தியிருந்தா ஒண்ணும் போயிருக்காது."

"அழுத்தினது எனக்குத் தெரியாதும்மா."

"சரி."

"பயமா இருந்துச்சு. நீ இங்க வர்றது. அதான் காரணமா இருக்கும். அப்படின்னு எழுதிக்கோ."

அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கில் சேறு. "'காரணம் தெரியவில்லை'ன்னு நோட்டுல எழுதியிருக்கேன். இருக்கும்னு சொல்றதெல்லாம் எழுத முடியாது" என்றாள். பிறகு, "இடம் நாலு. எழுதுங்க" என்றாள். எழுதினேன். காட்டினேன். பார்த்துத் தலையசைத்தாள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததால் மற்ற இரண்டு இடங்களுக்கும் வேகமாக நடக்கவேண்டியிருந்தது. படகுக்காரர் தூரத்திலிருந்து ஏதோ கத்தினார். என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

திரும்பும்போது பொன்னேரியில் டீ குடிக்க நிறுத்தினோம். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"டிசம்பருக்கு அந்த ஜூனியர் பொண்ணு வந்துடுவாளா?"

"பரீட்சை முடிஞ்சிடும். வருவா."

நான் டீயைக் குடித்தேன்.

"நீங்களும் லீவு சொல்லி வைங்க" என்றாள் அவள், டம்ளரை வைத்துக்கொண்டே. "அவ எழுதறது எனக்கே புரியாது. உங்க கையெழுத்து நல்லா இருக்கு."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் என் பேண்ட்டை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ மன்னிச்சேன்னு சொன்னாளா?"

"இல்ல. கையெழுத்து நல்லா இருக்குன்னா."

"அப்போ அதை மட்டும் எடுத்துக்கங்க" என்றாள்.